சொல்லை விடு, பொருளைப் பிடி: உரைபெயர்ப்பாளரின் குறிப்பெடுப்புக் கலை

ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசுகிற ஒருவர் நிமிடத்துக்கு 120 முதல் 150 சொற்கள் வரை பேசுவார். வேகமாக எழுதுகிறவர்கூட அதே நேரத்தில் கையால் 30 சொற்களைத் தாண்டுவது அரிது. ஆனாலும், ஆறு நிமிடம் நிறுத்தாமல் பேசிய ஒருவரின் உரையை, அருகில் குறிப்பேட்டுடன் உட்கார்ந்திருப்பவர் எண், பெயர், வாதம், நிபந்தனை எதையும் விடாமல் இன்னொரு மொழியில் சொல்லிவிடுகிறார். ஐரோப்பிய ஒன்றிய நிறுவனங்கள் உரைபெயர்ப்பாளர்களைத் தேர்ந்தெடுக்க வைக்கும் தேர்வில் ஏறத்தாழ இந்த நீளத்துக்கு உரை தருகிறார்கள். உரைபெயர்த்து முடித்தவரின் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தால் நமக்கு ஒன்றும் புரியாது. சில எண்கள், சில அம்புக்குறிகள், பாதியில் நிற்கும் சொற்கள், நடுநடுவே கோடுகள். அவ்வளவுதான் இருக்கும்.

இது பிறவி நினைவாற்றலால் நடப்பதன்று. பயிற்சியால் யாருக்கும் கைகூடும் தொழில்நுட்பம். ஆங்கில உரைபெயர்ப்புத் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் இதன் உள்ளமைப்பைப் புரிந்துகொண்டால் உழைப்பு வீணாகாது.

எங்கே தொடங்கியது?

ஒருவர் பேசி நிறுத்தியதும் மற்றவர் அதை வேறு மொழியில் சொல்வதைத் தொடர் உரைபெயர்ப்பு என்கிறோம். துபாஷிகள் காலந்தொட்டு இது நடந்துவந்தாலும், தனித் தொழிலாக உருப்பெற்றது 1919இல், முதல் உலகப் போருக்குப் பின் கூடிய பாரிஸ் சமாதான மாநாட்டில். அதுவரை ராஜதந்திரத்தின் மொழி பிரெஞ்சு. அமெரிக்க அதிபர் வில்சனும் பிரிட்டிஷ் பிரதமர் லாய்ட் ஜார்ஜும் ஆங்கிலத்தில் பேசியதால், ஆங்கிலமும் மாநாட்டு மொழியானது. வில்சன், லாய்ட் ஜார்ஜ், பிரெஞ்சுப் பிரதமர் கிளெமன்சோ, இத்தாலியப் பிரதமர் ஒர்லாண்டோ ஆகிய நால்வர் கூடிய அறையில் உரைபெயர்த்தவர் வரலாற்றுப் பேராசிரியர் பால் மாந்தூ. அங்கே அவர் எடுத்த குறிப்புகள் பின்னர் 1955இல் நூலாகவே வெளிவந்தன.

1941இல் ஜெனீவாவில் உரைபெயர்ப்பாளர்களுக்கென்றே ஒரு பள்ளி தொடங்கியது. 1945 நவம்பரில் தொடங்கிய நியூரம்பெர்க் விசாரணையில் ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஜெர்மன் ஆகிய நான்கு மொழிகளிலும் ஹெட்ஃபோன் வழியே உடனுக்குடன் உரைபெயர்த்தார்கள். பெரிய மாநாடுகள் மெல்ல மெல்ல அந்த முறைக்கு மாறின. ஆனால் மருத்துவமனை, காவல் நிலையம், வழக்கறிஞர் அலுவலகம், பேச்சுவார்த்தை மேசை ஆகிய இடங்களில் இன்றும் தொடர் உரைபெயர்ப்புதான். தேர்வுகளும் பெரும்பாலும் இதைத்தான் சோதிக்கின்றன.

சுருக்கெழுத்து போதாதா?

நம்மூர்த் தட்டச்சுப் பயிலகங்களில் நிமிடத்துக்கு 120 சொல் எடுக்கப் பழகியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது எளிது என்றுதான் தோன்றும். அனுபவம் மிக்க உரைபெயர்ப்பாளர்களோ சுருக்கெழுத்து வேண்டாம் என்கிறார்கள். சுருக்கெழுத்து ஒலியைப் பதிவு செய்கிறது. எடுப்பவரின் கவனம் முழுவதும் அடுத்த சொல்லைப் பிடிப்பதில் போய்விடுகிறது. பேச்சு முடிந்த பிறகு கோடுகளை முதலில் வாக்கியமாகப் படித்து, பிறகு அதன் பொருளை அறிந்து, அதன்பின்தான் மொழிபெயர்க்கத் தொடங்க முடியும். கேட்கும்போதே முடிந்திருக்க வேண்டிய வேலை, பேச வேண்டிய நேரத்தில் வந்து குவிகிறது.

மனித நினைவு வேறு வழியில் இயங்குகிறது. 1967இல் ஜாக்குலின் சாக்ஸ் என்ற உளவியலாளர் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார். ஒரு பத்தியைக் கேட்டவர்களிடம், அதில் வந்த ஒரு வாக்கியத்தைச் சற்று மாற்றிக் காட்டினார். வாக்கியம் காதில் விழுந்து 80 அசைகள் கடந்த பிறகு, அதன் சொல்லமைப்பு மாறியிருப்பதை அவர்களால் சரியாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. பொருள் மாறியிருந்தால் மட்டும் தெளிவாகக் கண்டுபிடித்தார்கள். நம் மூளை சொற்களை விரைவில் உதிர்த்துவிட்டுக் கருத்தை வைத்துக்கொள்கிறது. பாரிஸில் உரைபெயர்ப்பு கற்பித்த டானிக்கா செலெஸ்கோவிச், நல்ல உரைபெயர்ப்பாளரும் இதையே செய்கிறார் என்றார். சொற்களின் ஓட்டைக் கழற்றி, பொருளை எடுத்துக்கொண்டு, அதை மறுமொழியில் புதிதாகச் சொல்கிறார்.

கோலத்துக்குப் புள்ளி எப்படியோ, நினைவுக்குக் குறிப்பு அப்படி. புள்ளி சரியான இடத்தில் இருந்தால் போதும், கோட்டை நினைவு இழுத்துக்கொள்ளும்.

பிரெஞ்சு ஆய்வாளர் டானியல் ஜில் இன்னொரு உண்மையை விளக்கினார். கேட்டுப் புரிந்துகொள்ளுதல், குறித்தல், சிறிது நேரம் நினைவில் வைத்திருத்தல் என்ற மூன்றும் ஒரே கவனத்தைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. உரைபெயர்ப்பாளர் தம் கவனத்தின் எல்லைக்கு அருகிலேயே வேலை செய்கிறார். குறிப்பு கூடினால் கேட்பது குறையும். தேர்வில் தடுமாறும் பலருக்கு நேர்வது இதுதான். எழுதுவதில் மூழ்கி, அடுத்த வாக்கியத்தைத் தவறவிடுகிறார்கள்.

ரொசானின் ஏழு நெறிகள்

1956இல் ழான்-ஃபிரான்சுவா ரொசான் என்ற உரைபெயர்ப்பாளர், குறிப்பெடுப்பைப் பற்றிச் சிறு நூல் ஒன்றை ஜெனீவாவில் வெளியிட்டார். இன்றும் பயிற்சி வகுப்புகளின் அடிப்படை அதுதான். சொல்லை விட்டுக் கருத்தைக் குறி. சொற்களைச் சுருக்கு. கருத்துகளின் தொடர்பைக் கட்டாயம் எழுது. எதிர்மறையைத் தெளிவாகக் காட்டு. அழுத்தத்தைக் காட்டு. பக்கவாட்டில் எழுதாமல் மேலிருந்து கீழாக எழுது. ஒவ்வொரு கருத்தையும் அதன் இடத்துக்கேற்ப வலப்பக்கம் தள்ளி எழுது. இவையே அந்த ஏழு.

எடுத்துக்காட்டாக ஒரு பேச்சு: “கடந்த மூன்று ஆண்டுகளாக மாவட்டத்தில் மழை குறைந்ததால் நெல் விளைச்சல் சரிந்தது. ஆனால் அரசு மானியம் கொடுத்ததால் சிறுதானியம் பயிரிடுவோர் கூடியிருக்கிறார்கள். இருந்தும் கொள்முதல் நிலையம் இன்னும் திறக்கவில்லை.” இதன் குறிப்பு இப்படி இருக்கலாம்:

3 ஆண்டு
   மழை ↓
      → நெல் ↓
ஆனா
   அரசு ₹
      → சிறுதா ↑
இருந்தும்
   கொள். நிலை ✗ (இன்னும்)
——————

இடது ஓரத்தில் நிற்கும் ‘ஆனா’, ‘இருந்தும்’ ஆகிய இரண்டும்தான் இந்தக் குறிப்பின் முதுகெலும்பு. அவை இல்லையென்றால் மூன்று செய்திகள் இருக்கும், ஒரு வாதம் இருக்காது. கடைசிக் கோடு கருத்து முடிந்ததைக் காட்டுகிறது. கட்டாயமான செய்திக்கு அடியில் ஒரு கோடும், ஐயத்துக்குரியதற்குப் புள்ளிக்கோடும் போடலாம். ‘சாப்பிட்டே ஆக வேண்டும்’, ‘சாப்பிட்டால் நல்லது’ என்ற இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு நோயாளிக்கு மிகப் பெரிது.

குறியீடுகள் நிறைய வேண்டியதில்லை. ரொசான் இருபது போல் கொடுத்து, அவற்றில் பத்து இருந்தால் போதும் என்றார். கூடுதல், குறைவு, விளைவு, சமம், சமமின்மை, நாடு, பேச்சு என அடிக்கடி வருபவற்றுக்கு மட்டும் குறி வைத்துக்கொண்டால் போதும். தேர்வு அறையில் புதிதாகக் குறியீடு கண்டுபிடிக்கிறவர், அதைப் படிக்கும்போது திகைத்து நிற்பார்.

குறிப்பேடு மேல்பக்கம் சுருள்கம்பி கோத்ததாக, நிருபர்கள் வைத்திருப்பதுபோல் இருப்பது வசதி. தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதினால், புரட்டும்போது குழப்பம் வராது.

தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவே

தமிழ்–ஆங்கில இணைக்கென்று சில சிக்கல்கள் உண்டு. முதலாவது, வினையின் இடம். ஆங்கிலத்தில் ‘இல்லை’, ‘முடியாது’ என்பவை வாக்கியத்தின் முன்பகுதியிலேயே வந்துவிடும். தமிழில் அவை கடைசியில் வினையோடு சேர்ந்து வரும். தமிழ்ப் பேச்சைக் குறிக்கும்போது, யார் என்பதற்கும் எதை என்பதற்கும் நடுவில் இடம் விட்டு வைத்தால், கடைசியில் வரும் வினையை அங்கே போட்டுக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் பேசத் தொடங்கும்போது வரிசை தயாராக இருக்கும்.

இரண்டாவது, சுருக்கம். சொல்லின் முதல் எழுத்துகளை மட்டும் எழுதினால் தமிழில் ஆபத்து. ‘மரு’ என்று எழுதினால் மருத்துவரா, மருத்துவமனையா, மருந்தா? ரொசான் இதற்கு வழி சொல்லியிருக்கிறார். முதல் எழுத்தோடு கடைசி எழுத்தையும் சற்று உயர்த்தி எழுத வேண்டும். மரு–ர், மரு–னை, மரு–து என்று எழுதினால் குழப்பம் இல்லை. குறிப்பு எந்த மொழியில் இருக்க வேண்டும் என்பதில் ஆசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எது வேகமாக வருகிறதோ அதில் எழுதலாம், கலந்தும் எழுதலாம்.

மூன்றாவது, எண்கள். 3.2 மில்லியன் என்பது 32 லட்சம். 1.4 பில்லியன் என்பது 140 கோடி. இந்த மாற்றத்தைத் தேர்வு அறையில் கணக்குப் போட்டுப் பார்க்க நேரம் இருக்காது. ஒரு மில்லியன் பத்து லட்சம், ஒரு பில்லியன் நூறு கோடி என்பது வாய்ப்பாடு போல நாவில் நிற்க வேண்டும். எண் காதில் விழுந்தால் எழுதிக்கொண்டிருப்பதை அப்படியே விட்டுவிட்டு முதலில் அதைக் குறிக்க வேண்டும். கருத்தை நினைவிலிருந்து மீட்கலாம், எண்ணை மீட்க முடியாது.

ஒரு தேர்வு: சிசிஎல்

தமிழர்கள் நிறைய பேர் எழுதும் தேர்வு ஒன்று ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. 1977இல் தொடங்கிய நாட்டி என்ற அமைப்பு நடத்தும் சிசிஎல். இதில் தேறினால் உரைபெயர்ப்பாளர் உரிமம் கிடைக்காது. குடியேற்ற விண்ணப்பத்தில் ஐந்து புள்ளிகள் கிடைக்கும். மருத்துவம், சட்டம், வீட்டு வாடகை, வங்கி போன்ற அன்றாட விஷயங்களில் ஆங்கிலம் பேசுகிறவருக்கும் தமிழ் பேசுகிறவருக்கும் நடக்கும் இரண்டு உரையாடல்கள் ஒலிக்கும். ஒவ்வொன்றும் சுமார் 300 சொல். ஒரு துண்டு 35 சொல்லுக்கு மேல் போகாது. மொத்தம் 90 மதிப்பெண்ணில் 63 எடுக்க வேண்டும். அதோடு ஒவ்வோர் உரையாடலிலும் 45க்குக் குறைந்தது 29 வேண்டும். விட்டது, சேர்த்தது, திரித்தது ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் குறையும்.

35 சொல் குறைவாகத் தோன்றும். ஆனால் ஒரு டாக்டர், “இந்த மாத்திரையை ஒரு நாளைக்கு ரெண்டு வேளை, சாப்பிட்ட பிறகு, பத்து நாள் எடுத்துக்கணும். வாந்தி வந்தா நிறுத்திட்டு உடனே எனக்குச் சொல்லுங்க” என்று பேசினால், அதற்குள் ஆறு செய்திகள் இருக்கின்றன. குறிப்பு இல்லாமல் சொல்ல முயல்பவர் ஒன்றையாவது விடுவார். முழுவதையும் எழுத முயல்பவர் கடைசிப் பகுதியைக் கேட்கவே மாட்டார். ‘2/நாள், சாப். பின், 10 நா, வாந்தி → ✗ + டா’ என்ற ஒரு வரி போதும்.

எப்படிப் பழகுவது?

முதல் சில வாரங்களுக்குப் பேனாவைத் தொட வேண்டாம். இரண்டு நிமிட ஆங்கிலப் பேச்சைக் கேட்டுவிட்டு, யார் என்ன சொன்னார், ஏன் சொன்னார், முடிவாக என்ன கேட்டார் என்று தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அது வந்த பிறகு மூன்று நிமிடம், நான்கு நிமிடம் என்று கூட்டலாம். கேட்பதில் பலம் வராமல் குறிப்பெடுக்கத் தொடங்குகிறவரைக் குறிப்பே விழுங்கிவிடும்.

அடுத்து, அச்சிட்ட உரை ஒன்றை எடுத்து அவசரமில்லாமல் குறிப்பாக்குங்கள். எது கருத்து, எது இணைப்பு, எதை எந்த இடத்தில் வைப்பது என்று யோசிக்க நேரம் கிடைக்கும். இது படிந்த பிறகுதான் ஒலியைக் கேட்டுக் குறிக்க வேண்டும். முதலில் இணைப்புச் சொற்களையும் எண்களையும் மட்டும் குறிக்கும் நாள்கள், பிறகு முழுக் குறிப்பு.

கேட்கும் உச்சரிப்பும் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். ஐக்கிய நாடுகள் சபையின் இணையத் தொலைக்காட்சியில் பல நாட்டு ஆங்கிலமும் கேட்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் உரைக் களஞ்சியத்தில் பயிற்சிக்கென்றே நிலை பிரித்து வைத்த பேச்சுகள் உண்டு. ஆஸ்திரேலியத் தேர்வுக்கு ஏபிசி வானொலியின் ஆங்கிலமும் எஸ்பிஎஸ் தமிழ் ஒலிபரப்பும் உதவும்.

மிக முக்கியமானது, செய்ததைத் திரும்பப் பார்ப்பது. உங்கள் உரைபெயர்ப்பை ஃபோனில் பதிவு செய்து, மூலத்தோடு வைத்துக் கேளுங்கள். விட்ட ஒவ்வோர் இடத்திலும் காரணத்தைத் தேடுங்கள். காதில் விழவில்லையா, விழுந்தும் புரியவில்லையா, புரிந்தும் குறிக்கவில்லையா, குறித்ததைப் படிக்க முடியவில்லையா? நான்கும் நான்கு வெவ்வேறு குறைகள். முதலாவதற்கு அதிகம் கேட்பது மருந்து. இரண்டாவதற்குத் துறை அறிவும் சொல்வளமும் வேண்டும். மூன்றாவதற்குக் குறிப்பைக் குறைத்துக் கவனத்தைக் கூட்ட வேண்டும். நான்காவதற்கு எழுத்தைச் சீராக்கி, குறியீடுகளைக் குறைக்க வேண்டும். காரணம் தெரியாமல் நூறு முறை பழகினாலும் அதே இடத்தில்தான் சறுக்கும்.

தேர்வுக்காகத் தொடங்கும் இந்தப் பழக்கம் தேர்வோடு முடிவதில்லை. மொழி தெரியாத நாட்டில் மருத்துவர் முன் உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டியின் உடல்நிலை, நடுவில் இருப்பவர் சரியாகக் கேட்டாரா என்பதைப் பொறுத்திருக்கிறது. மதிப்பெண்ணுக்காக மட்டும் பழகாதீர்கள், அந்தப் பாட்டிக்காகவும் பழகுங்கள். இன்றைக்கே இரண்டு நிமிடச் செய்தி ஒன்றைப் பேனா இல்லாமல் கேட்டுவிட்டு, வீட்டில் ஒருவருக்குத் தமிழில் சொல்லிப் பாருங்கள்.