இரு தாயர், ஒரு சிறுவன்

ஒரு குழந்தைக்கு இரு பெண்கள் உரிமை கோரிய வழக்கைச் சாலொமோன் மன்னன் ஒரு வாளைக் கொண்டே தீர்த்துவைத்தான் என வேதாகமம் கூறும். அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தில் எழுந்த இத்தகையதொரு வழக்கிலோ, உண்மை வெளிப்படத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேற் சென்றன.

1912ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், ஒபெலூசாஸ் நகரைச் சேர்ந்த பேர்சி டன்பார், லெசி தம்பதியரின் நான்கு வயது மகன் பொபி, சுவேசி ஏரிக்கரையிற் காணாமற்போனான். ஏரியில் வெடிவைத்துத் தேடினர். முதலைகளின் வயிற்றைக் கீறியும் பார்த்தனர். எட்டு மாதங்களின் பின், அயல் மாநிலமாகிய மிசிசிப்பியில், ஊர் ஊராகச் சென்று சில்லறை வேலைகள் செய்துவந்த வில்லியம் வால்ட்டர்ஸ் என்பவரிடம் ஒரு சிறுவன் இருக்கக் கண்டனர். அவன் பொபி அல்லன், தம் குடும்பத்தாரிடம் வேலைபார்த்த ஜூலியா அன்டர்சன் மனமுவந்து ஒப்படைத்த மகன் புரூஸ் என்றார் வால்ட்டர்ஸ். சிறுவன் தன் மகனே என்பதை ஜூலியாவும் கூறினார். ஆனால், சில நாட்களுக்கென்றே அவனை அனுப்பியதாகச் சொன்னார்.

லெசி சிறுவனை முதலிற் கண்டபோது நிகழ்ந்ததென்ன? கண்டவுடன் அவன் "அம்மா" என்று அழைத்துத் தழுவிக்கொண்டான் என்று ஒரு பத்திரிகை எழுதிற்று. தாயும் தயங்கினாள், பிள்ளையும் தயங்கினான் என்று வேறு பத்திரிகைகள் எழுதின. மறுநாள் அவனைக் குளிப்பாட்டி, மச்சங்களையும் தழும்புகளையும் கண்ட பின்னரே அவர் உறுதிகொண்டார். பின்னர் ஜூலியா வரவழைக்கப்பட்டபோது, ஐந்து சிறுவர்களை அவர்முன் நிறுத்தினர். அவரும் தயங்கினார், மறுநாள் சிறுவனின் உடையைக் களைந்து பார்த்து உறுதியாகச் சொன்னார். இருவர் செயலிலும் வேற்றுமை யாது? லெசியின் தயக்கம் துயரத்தின் விளைவெனக் கொள்ளப்பட்டது. ஜூலியாவின் தயக்கமோ பொய்மைக்குச் சான்றாயிற்று. அவர் ஏழை, மணமாகாமலே பிள்ளை பெற்றவர் எனப் பத்திரிகைகள் தூற்றின. பொபி காணாமற்போவதற்கு முன்னரே அச்சிறுவனை வால்ட்டர்சுடன் கண்டதாக மிசிசிப்பி மக்கள் சாட்சி சொல்லியும் பயனில்லை. வாத்தியங்கள் முழங்க ஒபெலூசாஸ் அவனை ஏற்கெனவே வரவேற்றுவிட்டது. கொண்டாடி முடித்த ஊர் தன் தவறை ஒப்புவது எளிதோ?

1914இல் வால்ட்டர்ஸ் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார். மேன்முறையீட்டில் மறுவிசாரணைக்குக் கட்டளை பிறந்தது. செலவைக் காரணங்காட்டி அரச தரப்பு அதனைக் கைவிட, இரண்டாண்டுச் சிறைவாசத்தின் பின் அவர் வெளியேறினார். ஜூலியா மிசிசிப்பியிலேயே குடியேறி, மணம் புரிந்து, மேலும் ஏழு பிள்ளைகளைப் பெற்றார். இழந்த மகனைப் பற்றி அவர் பேசிவந்ததை அப்பிள்ளைகள் மறக்கவில்லை. டன்பார் வீட்டில் பொபி என்றே வளர்ந்த அவனோ, மணம் புரிந்து, மக்களைப் பெற்று, 1966இல் காலமானான்.

அவனுடைய பேர்த்தி ஒருவர் பழைய பத்திரிகைகளையும் வழக்கேடுகளையும் ஆராய முற்பட்டார். 2004இல் அவனுடைய மகனின் மரபணுவையும், பொபியின் தம்பி மகனுடைய மரபணுவையும் ஒப்புநோக்கினர். அவை பொருந்தவில்லை. வளர்ந்தவன் டன்பார் குலத்தவன் அல்லன். ஜூலியாவின் சந்ததியார் ஆறுதலடைந்தனர். டன்பார் குடும்பத்திற் சிலரோ, இதனை ஏன் கிளறினாய் என அப்பேர்த்தியைக் கடிந்துகொண்டனர்.

ஏரிக்கரையில் மறைந்த பொபிக்கு நேர்ந்தது யாது என்பது இன்றும் தெரியவில்லை. அவனைத் தேடும் பணி 1913இலேயே நின்றுபோயிற்று.