விடுமுறைப் பணம் யார் கைக்குப் போகிறது?

மியன்மார் இராணுவ அரசு 1996-ஐச் சுற்றுலா ஆண்டாக அறிவித்தபோது, சுற்றுப்பயணிகள் வரவேண்டாம் என்று ஆங் சான் சூச்சி கேட்டுக்கொண்டார். காரணம் இருந்தது. மண்டலே அரண்மனை அகழியைத் தூர்வாரப் பொதுமக்களைக் கூலியின்றி வேலை வாங்கினார்கள். தனியாக வருபவர் விமான நிலையத்திலேயே டாலரைக் கொடுத்து அரசுச் சீட்டு வாங்கியாகவேண்டும். 2003-இல்தான் அந்த வழக்கம் நின்றது.

2011-இல் அவரது கட்சி சற்று இறங்கி வந்தது: பெரிய குழுச் சுற்றுலா வேண்டாம், மக்களோடு பழகும் தனிப் பயணிகள் வரலாம். நியாயமான பேச்சுதான். படகோட்டி, தேநீர்க் கடைக்காரர் கைக்குப் பணம் நேராகச் சேரும். ஆனால் விசா கட்டணம் அரசுக்குத்தானே?

2021 பிப்ரவரி ஆட்சிக் கவிழ்ப்பு அதே கேள்வியைத் திரும்பக் கொண்டுவந்தது. போயே தீருவேன் என்பவர் தங்கும் விடுதி யாருடையது என்றாவது முன்கூட்டி விசாரிக்கட்டும். அங்கே போய் ஊர்க்காரரிடம் அரசியலைக் கிளறவேண்டாம். பயணி விமானம் ஏறிவிடுவார், ஊர்க்காரர் எங்கே போவார்?