மலையேற்றத்தில் கைத்துப்பாக்கி: இடுப்பிலா, நெஞ்சிலா, பையிலா?

அமெரிக்காவின் அலாஸ்கா, மொந்தானா, வயோமிங் மாநிலங்களில் மலையேறுவோரின் படங்களைப் பார்க்கும் நம்மவர்களுக்கு ஒரு காட்சி விநோதமாகத் தெரியும். முதுகில் பெரிய பை, கையில் ஊன்றுகோல், நெஞ்சின் குறுக்கே வார் போட்டு மாட்டிய கைத்துப்பாக்கி. படங்களில் வரும் போலீஸ்காரர் துப்பாக்கியை இடுப்பில் வைத்துத்தான் நாம் பார்த்திருக்கிறோம். இவர்கள் மட்டும் ஏன் நெஞ்சில் மாட்டிக்கொள்கிறார்கள்?

முதுகுப்பைதான் காரணம். அதோடு, காட்டில் எதை எங்கே வைத்துக்கொள்வது என்ற கேள்வி துப்பாக்கியே இல்லாத நமக்கும் பொருந்தக்கூடியது.

கரடி வாழும் காடு

அந்த மலைகளில் கிரிஸ்லி எனப்படும் பெரிய பழுப்புக் கரடிகள் வாழ்கின்றன. அவை மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடியவை. 30 மீட்டர் தொலைவில் நிற்கும் கரடி பாய்ந்தால் இரண்டே விநாடிகளில் ஆள் மேல் வந்துவிடும். பையைக் கழற்றி, ஜிப்பைத் திறந்து, உள்ளே தேடுவதற்கெல்லாம் நேரம் இருக்காது.

அமெரிக்க தேசியப் பூங்காக்களில் துப்பாக்கி வைத்திருக்கும் அனுமதி 2010 பிப்ரவரி 22ஆம் தேதி முதல் அந்தந்த மாநிலச் சட்டத்தைப் பொறுத்தது. பூங்காவுக்குள் இருக்கும் அரசாங்கக் கட்டடங்களுக்குள் அதை எடுத்துச் செல்லக் கூடாது. வைத்திருக்க அனுமதி உண்டு என்பதால் சுடுவதற்கும் அனுமதி உண்டு என்று பொருளல்ல. பெரும்பாலான பூங்காக்களில் சுடுவதற்குத் தடை நீடிக்கிறது.

இடுப்பில் என்ன சிக்கல்?

கரடிக்காகச் சுமக்கப்படும் கைத்துப்பாக்கி குண்டுகளோடு ஒரு கிலோவுக்கும் மேல் எடை இருக்கும். ஒரு கிலோ சீனியை உடம்பில் கட்டிக்கொண்டு ஆறேழு மணி நேரம் ஏறி இறங்குவது போல. எங்கே கட்டினாலும் உடம்புக்குத் தெரியும்.

நல்ல முதுகுப்பைக்கு இடுப்பு வார் உண்டு. பையின் பாரத்தில் பெரும்பகுதியை அதுதான் தாங்குகிறது. துப்பாக்கி உறையை மாட்டும் இடமும் அதே இடுப்புதான். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று அமர்ந்தால் துப்பாக்கி எலும்பில் அழுத்தும், உருவவும் வராது. காற்சட்டைக்குள் செருகினால் வியர்வையில் தோல் உரியும். மேடு ஏறக் குனியும்போதெல்லாம் வயிற்றில் குத்தும்.

தொடையில் கட்டினால் இடுப்பு வாருக்குத் தொந்தரவு இல்லை. ஆனால் ஒவ்வோர் அடிக்கும் ஒரு கிலோவைக் கால் தூக்க வேண்டும். அக்குளுக்குக் கீழே தொங்கும் உறையோ தோள் வாரோடு சிக்கிக்கொள்ளும்.

சிலர் பையின் இடுப்பு வாரிலேயே உறையைப் பொருத்திவிடுகிறார்கள். நடக்கும்போது இது சுகமானது. ஆனால் ஓய்வெடுக்கவும் தண்ணீர் பிடிக்கவும் பையை இறக்கி வைத்துவிட்டு நகர்ந்தால் துப்பாக்கி பையோடு தங்கிவிடுகிறது. கரடி வரும்போது கையில் இருக்காது. அதைவிட மோசம், வேறொருவர் கையில் சிக்கலாம்.

அதனால்தான் பலரும் நெஞ்சு உறையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதன் வார்களை முதலில் அணிந்து, அதற்கு மேல் பையை மாட்டுவார்கள். பையைக் கழற்றினாலும் துப்பாக்கி உடம்பிலேயே இருக்கும். எந்தக் கையாலும் எட்டலாம், மழைச்சட்டை போட்டாலும் ஜிப்பைச் சற்று இறக்கினால் போதும். குறைகளும் உண்டு. நெஞ்சில் புழுங்கும். காலடி சரியாகத் தெரியாது. உருவும்போது குழல்முனை தன் கையையோ பக்கத்தில் இருப்பவரையோ நோக்கித் திரும்பக்கூடும். பயிற்சி இல்லாதவருக்கு இதுதான் பெரிய ஆபத்து.

எங்கே மாட்டினாலும் மூன்று விதிகள் மாறுவதில்லை. விசையை உறை முழுமையாக மூடியிருக்க வேண்டும். தடுக்கி விழுந்தாலும் துப்பாக்கி உறையை விட்டு நழுவக் கூடாது. பையோடு ஒரு முழு நாள் நடந்து பார்த்த பிறகே எது சுகம் என்று முடிவு செய்ய வேண்டும். கடையில் அணிந்து பார்த்தால் எல்லாமே சுகமாகத்தான் இருக்கும். மலையில் உறுத்தும் பொருள் இரண்டாவது மணி நேரத்தில் பைக்குள் போய்விடும். பைக்குள் போன துப்பாக்கி வெறும் சுமை.

முதலில் மிளகாய்

துப்பாக்கிக்கு அனுமதி இருந்தும், யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா வருவோர் அனைவரையும் எடுத்துச் செல்லச் சொல்வது கரடி ஸ்பிரேயைத்தான். அதில் இருப்பது கேப்சைசின், அதாவது நம் மிளகாய்க்குக் காரம் தரும் அதே பொருள். கரடி பாய்ந்து வரும்போது ஏறத்தாழ 9 முதல் 18 மீட்டர் தொலைவில் தெளிக்கத் தொடங்க வேண்டும்.

அலாஸ்காவில் நடந்த கரடிச் சம்பவங்களை ஆராய்ந்து 2008இல் வெளியான ஆய்வின்படி, ஸ்பிரே வைத்திருந்தவர்களில் 98 விழுக்காட்டினர் கரடியிடம் காயமின்றித் தப்பினர். அங்கு துப்பாக்கி வைத்திருந்தவர்களின் சம்பவங்களை ஆராய்ந்த 2012ஆம் ஆண்டு ஆய்வில், சுட்டவர்களுக்கும் சுடாதவர்களுக்கும் காயமடையும் அளவில் வேறுபாடு காணப்படவில்லை. இரு ஆய்வுகளும் வெவ்வேறு சம்பவங்களைப் பார்த்தவை என்பதால் எண்களை நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனால் பதற்றத்தில் ஒரு குண்டைக் குறி பார்த்துச் சுடுவதைவிட, மேகம்போல் பரவும் மிளகாய்ப் புகையைத் தெளிப்பது எளிது.

ஸ்பிரேயையும் பைக்குள் வைக்கக் கூடாது. இடுப்பிலோ நெஞ்சிலோ, கை உடனே எட்டும் இடத்தில்தான் இருக்க வேண்டும். விமானத்தில் கொண்டு செல்ல அனுமதி இல்லை என்பதால் போன இடத்தில்தான் வாங்க வேண்டும். எல்லாப் பூங்காக்களும் அதை அனுமதிப்பதில்லை. யோசமிட்டியில் அதற்குத் தடை உண்டு.

நம் பிள்ளைகளுக்கு

அமெரிக்காவில் படிக்கும், சுற்றிப் பார்க்கப் போகும் நம் பிள்ளைகள் ஒன்றை மறக்கக் கூடாது. மாணவர் விசா, சுற்றுலா விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ குண்டுகளோ வைத்திருப்பது பொதுவாக அந்நாட்டுக் கூட்டரசுச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருப்பது போன்ற சில விலக்குகளே உண்டு. நண்பர் பாதி வழியில் “கொஞ்ச நேரம் நீ வைத்துக்கொள்” என்று நீட்டினாலும் வாங்கக் கூடாது. அந்த உதவி சிறையில் போய் முடியலாம்.

இங்கே, மலேசியாவில், இந்தக் கேள்விக்கே இடமில்லை. 1971ஆம் ஆண்டு சுடும் ஆயுத (கடுமையான தண்டனை) சட்டத்தின்படி, சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருப்போருக்கு 14 ஆண்டுகள் வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் உண்டு.

புக்கிட் தாபூர், நுவாங் மலை, லேடாங் மலை என்று வார இறுதிகளில் ஏறும் நம்மவர்களுக்குக் கரடியைவிட வழி தவறுவதும், இருட்டிவிடுவதும், தண்ணீர் தீர்ந்துவிடுவதும்தான் பெரிய ஆபத்து. அவற்றுக்கான கருவிகள் விசில், கைவிளக்கு, மின்னூட்டமுள்ள கைப்பேசி. இவற்றுக்கும் அதே விதிதான். விசிலைப் பையின் வாரில் கட்டாமல் கழுத்தில் மாட்டுங்கள். விளக்கையும் கைப்பேசியையும் காற்சட்டைப் பையில் வையுங்கள். பையை ஓரமாக வைத்துவிட்டு ஒதுங்கப் போனவர் திரும்பும் வழி தெரியாமல் தவித்தால், அவரிடம் இருப்பது உடம்பில் இருப்பது மட்டும்தான்.