எந்தப் புள்ளி எந்தத் திரள்?

கொல்லிமலை வாசலூர்பட்டியில் படகு ஓட்டி முடித்த கையோடு, இருட்டுவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி அடிவாரக் காரவள்ளி சேர்ந்துவிடத்தான் பலரும் பார்க்கிறார்கள். இரவு தங்கி, மலையின் விளிம்பிலிருந்து சமவெளியைப் பார்த்தால் ஒரு கேள்வி எழும். கீழே மினுங்கும் விளக்குகளில் எவையெல்லாம் ஒரே ஊர்? நம் கண் சட்டென்று பிரித்துவிடும். கணினிக்குச் சொல்லித் தருவதுதான் பெரும்பாடு.

பிரபஞ்சத்தைக் கணினியில் வளர்த்துப் பார்க்கும் வானியலாளர்களுக்கும் இதே பாடுதான். அவர்கள் திரள் திரளாகப் பிரித்துப் பார்க்க வேண்டிய கரும்பொருள் ஒளி விடாது. ஈர்ப்பைக் கொண்டுதான் அதை அறிகிறோம். அதைத் துகள்களாக்கி, ஒன்றையொன்று இழுக்கவிட்டு, 1,300 கோடி ஆண்டுகளைக் கணக்கில் ஓட்டுகிறார்கள். 2005இல் வெளியான மில்லெனியம் என்ற கணினி உருவகப்படுத்தலில் ஆயிரம் கோடிக்கும் மேல் துகள்கள். ஒரு துகளின் நிறையே நூறு கோடிச் சூரியன்களைத் தாண்டும். இவற்றை இரண்டிரண்டாக எடுத்துக் கணக்குப் போட்டால் காலத்துக்கும் முடியாது. அப்போது அலகாபாத் ஹரிஷ்-சந்திரா ஆய்வு நிறுவனத்தில் இருந்த ஜஸ்ஜீத் பாக்லா 2002இல் வெளியிட்ட ட்ரீபிஎம் முறை, தொலைவின் இழுப்பை ஒரு கட்ட வலையிலும் அருகின் இழுப்பைக் கிளை கிளையாகத் தொகுத்தும் கணக்கிடுகிறது. மில்லெனியம் ஓடியதும் இவ்வகைக் கணக்கில்தான்.

ஓடி முடிந்தபின் மிஞ்சுவது துகள்களின் இடமும் வேகமும். ஹேலோ எனப்படும் கரும்பொருள் திரள் இதில் எங்கே? டேவிஸ், எஃப்ஸ்டாத்தியூ, ஃப்ரெங்க், வைட் நால்வரும் 1985இல் கையாண்ட விதி எளியது. துகள்களுக்கிடையே உள்ள சராசரி இடைவெளியில் 0.2 பங்குக்குள் நெருங்கிய இரண்டும் நண்பர்கள். நண்பனின் நண்பனும் நண்பன். அவர்களிடம் அன்று இருந்தவை 32,768 துகள்கள்தான். ஈர்ப்பில் சரிந்து நிலைபெற்ற திரள் சராசரியைப்போல் ஏறத்தாழ 180 மடங்கு அடர்ந்திருக்கும் என்ற கணக்கு அந்த 0.2க்குத் துணை நிற்கிறது. ஆனாலும் ஹேலோவுக்கு மதில் கிடையாது. எல்லைக்கல் நட்டது நாம்தான்.

நெடுஞ்சாலை விளக்கு வரிசை இரண்டு ஊர்களை ஒன்றாகக் காட்டிவிடும் அல்லவா? மெல்லிய துகள் இழையும் அப்படித்தான் இரு ஹேலோக்களை ஒட்டவைத்துவிடும். பெரிய ஹேலோவுக்குள் விழுந்த குட்டி ஹேலோ இதைவிடச் சிக்கல். மையத்தை நெருங்க நெருங்கச் சுற்றுப்புற அடர்த்தியில் அது கரைந்து தெரியும். ஆனால் அதன் துகள்கள் இன்னும் கூட்டாகத்தான் பாய்கின்றன. பீட்டர் பெஹ்ரூஸி குழுவினர் 2013இல் வெளியிட்ட ராக்ஸ்டார் நிரல், இடத்தின் மூன்று பரிமாணங்களோடு வேகத்தின் மூன்றையும் சேர்த்து நட்பைத் தேடுகிறது. அதற்கு முன்பே, 2011இல் வெளியான ஓர் ஒப்பீட்டில் ஒரு டஜனுக்கும் மேற்பட்ட நிரல்களை ஒரே தரவில் மோதவிட்டிருந்தார்கள். தனித்து நின்ற ஹேலோக்களின் நிறையில் பெரிய சண்டை இல்லை. மையத்தருகே ஒளிந்த குட்டியைத் தவறவிடாதவை வேகத்தையும் பார்த்த நிரல்களே.