'அழாதே' என்பதோடு முடிந்துவிடுகிறதா... மாணவர்களின் மனச்சோர்வைப் பெற்றோர் எப்படிப் புரிந்துகொள்வது?

"இதுக்கெல்லாம் அழலாமா? கண்ணைத் தொடைச்சுக்கோ!" பிளஸ் டூ மார்க் குறைந்தாலும், நீட் கைவிட்டுப் போனாலும் நம் வீடுகளில் முதலில் கிடைக்கும் ஆறுதல் இதுதான். பிள்ளையும் முகம் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிடும். 'தேறிடுச்சு' என்று நாமும் நிம்மதியாகிவிடுவோம். உண்மையில் தேறிவிட்டதா?

1990-களில் அமெரிக்க உளவியலாளர்கள் ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் இருவரும் சிலரைச் சோகமான காட்சிகளைப் பார்க்கவைத்து, உணர்ச்சியை வெளிக்காட்டக் கூடாது என்றார்கள். முகம் அமைதியானது. ஆனால், சோகம் குறையவில்லை. உடலுக்குள் பரபரப்புதான் கூடியது.

மறைப்பது மட்டுமல்ல, வருத்தத்தைக் கையாள வேறு வழிகளும் உண்டு. நடந்ததையே நினைத்து நினைத்து மருகுவது, பிரச்னையின் பக்கமே போகாமல் தவிர்ப்பது, அதை வேறு கோணத்தில் பார்ப்பது, அடுத்து என்ன செய்யலாம் என்று இறங்குவது. இவற்றைப் பற்றிய 114 ஆய்வுகளை அமேலியா ஆல்டாவோ குழுவினர் 2010-ல் தொகுத்துப் பார்த்தனர். மனச்சோர்வு, பதற்றம் போன்ற பிரச்னைகளோடு மிக வலுவான தொடர்பு மருகுவதற்குத்தான் இருந்தது. 'பாசிட்டிவாக யோசி' என்கிறோமே, அந்தக் கோணம் மாற்றிப் பார்ப்பதற்கு இருந்த தொடர்பு அவ்வளவு வலுவானதல்ல.

எது காரணம், எது விளைவு என்பதை இந்தத் தொடர்பு சொல்லிவிடாது. மனச்சோர்வே ஒருவரை மருகவைக்கலாம். ஆனாலும், அறிவுரையைவிட அந்தச் சுழலிலிருந்து வெளியே வர ஒரு படி தேவை என்பது புரிகிறது.

அப்படி ஒரு படிதான் துணைத் தேர்வு. தோற்ற மாணவர் ஒரு வருடம் காத்திருக்காமல் அதே ஆண்டில் மீண்டும் எழுதலாம். இதற்காகக் குரல் கொடுத்த அமைப்புகளில் ஒன்று, மயிலாப்பூரை அடுத்த ஆர்.ஏ.புரத்தில் இயங்கும் 'சினேகா'. 1986-ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு மையம் இது.

வீட்டில் என்ன செய்யலாம்?

* அழுதால் அழவிடுங்கள். பக்கத்தில் இருங்கள்.

* 'ஏன் இப்படி ஆச்சு?' என்று கிளறாதீர்கள். அந்தக் கேள்வியைத்தான் பிள்ளை நூறு முறை தன்னையே கேட்டுக்கொண்டிருக்கும். 'நாளைக்கு முதல்ல என்ன செய்யலாம்?' என்று கேளுங்கள்.

* அடுத்த வீட்டுப் பிள்ளையின் மார்க்கை அந்த வாரம் பேசவே வேண்டாம்.

* ஒரே நினைப்பில் உட்கார்ந்திருந்தால் மெரினாவுக்கோ, பெசன்ட் நகர் பீச்சுக்கோ நடக்கக் கூப்பிடுங்கள்.

தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். 'செத்துடலாம்போல இருக்கு' என்று பிள்ளை சொன்னால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். மத்திய அரசின் டெலி-மானஸ் (14416), தமிழக அரசின் 104, சினேகா (044-24640050) ஆகிய எண்களில் பேசலாம். பிள்ளைகள் மட்டுமல்ல, என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கும் பெற்றோரும் அழைக்கலாம்.