பத்துப் புள்ளி அழுத்தத்தில் ஓடும் சிறுநீரகம்

வீட்டு வாசலில் இறக்கிவைக்கிறார்களே, இருபது லிட்டர் தண்ணீர் கேன், அதில் ஒன்பதை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். மொத்தம் 180 லிட்டர். நம் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரே நாளில் இரத்தத்திலிருந்து வடித்தெடுக்கும் நீரின் அளவு இதுதான். இதில் 178 லிட்டருக்கும் மேலாக உடலே திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. மிச்சம் ஒன்றரை லிட்டர் அளவுக்குச் சிறுநீராக வெளியேறுகிறது.

இவ்வளவு நீரை வடிகட்டுவதற்குச் சிறுநீரகத்துக்குள் தனியாக மோட்டார் எதுவும் கிடையாது. இதயம் துடித்து அனுப்பும் இரத்தத்தின் அழுத்தமே அங்கே வேலை செய்கிறது. கையில் பட்டை கட்டி மருத்துவர் பார்க்கிறாரே, அதே பிரஷர்தான். வயிற்றுப்போக்கில் துவண்டு போனவர், பல வருடம் பி.பி.யைக் கவனிக்காமல் விட்டவர், சர்க்கரை நோயாளி என்று மூன்று பேரை எடுத்துக்கொள்ளுங்கள். மூவரின் நோயும் வேறு வேறு. ஆனால் மூவருக்கும் சிறுநீரகம் பழுதாவதற்குப் பின்னால் இந்த அழுத்தக் கணக்கு இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால், மருத்துவர் சொல்லும் ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் காரணம் விளங்கிவிடும்.

இரண்டு குழாய்களுக்கு நடுவே ஒரு சுருள்

ஒரு சிறுநீரகத்தின் எடை சுமார் 150 கிராம். இரண்டும் சேர்ந்தாலும் உடல் எடையில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. ஆனால் இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இங்கேதான் போகிறது. நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கும் அதிகம்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து லட்சம் நெஃப்ரான்கள் உண்டு. ஒவ்வொரு நெஃப்ரானின் தலையிலும் நூல்கண்டு போல ஓர் இரத்த நுண்குழாய்ச் சுருள் இருக்கிறது. அதன் பெயர் குளோமருலஸ். அதைத் தாங்கி நிற்பது பௌமானின் கிண்ணம். சுருளிலிருந்து வடியும் நீர் இந்தக் கிண்ணத்தில்தான் விழுகிறது.

உடலின் மற்ற இடங்களில், நுண்குழாய்க்குள் இரத்தம் தமனி வழியாக வந்து சிரை வழியாக வெளியேறும். குளோமருலஸில் வரும் வழி, போகும் வழி இரண்டுமே நுண்தமனிகள். உள்ளே வரும் உட்செல் நுண்தமனி சற்று அகலம். வெளியேறும் வெளிச்செல் நுண்தமனி குறுகல்.

செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயின் நுனியைக் கட்டைவிரலால் பாதி மூடிப் பாருங்கள். விரலுக்குப் பின்னால் குழாய் விறைத்துக்கொள்ளும். அங்கே ஊசித்துளை இருந்தால் நீர் பீய்ச்சி அடிக்கும். குளோமருலஸிலும் இதேதான் நடக்கிறது. வெளிச்செல் குழாயின் குறுகல் கட்டைவிரலின் வேலையைச் செய்கிறது. அதனால், மற்ற நுண்குழாய்களில் முப்பதைச் சற்றுத் தாண்டித் தொடங்கிப் பதினைந்து அளவுக்கு இறங்கிவிடும் அழுத்தம், இங்கே கடைசிவரை சுமார் 55 ஆகவே நிற்கிறது.

மூன்று எண்கள், ஒரு கழித்தல்

பி.பி.யைச் சொல்லப் பயன்படும் மில்லிமீட்டர் பாதரசம்தான் இதற்கும் அலகு. இங்கே சுருக்கமாகப் 'புள்ளி' என்று வைத்துக்கொள்வோம்.

முதல் எண் 55. சுருளுக்குள் இருக்கும் இரத்தம் நீரை வெளியே தள்ளும் அழுத்தம் இது.

இரண்டாவது எண் 30. இரத்தத்திலுள்ள புரதங்கள், குறிப்பாக அல்புமின், நீரை உள்ளேயே இழுத்துப் பிடிக்கும் விசை. சுருளின் வழியே போகப்போக நீர் வடிந்து இரத்தம் கெட்டியாவதால் இந்த இழுவிசையும் கூடிக்கொண்டே வரும். 30 என்பது சராசரி.

மூன்றாவது எண் 15. கிண்ணத்தில் ஏற்கெனவே விழுந்திருக்கும் நீர் எதிர்த்துத் தள்ளும் அழுத்தம்.

55-லிருந்து முப்பதையும் பதினைந்தையும் கழித்தால் மிஞ்சுவது 10. நிமிடத்துக்கு 125 மில்லிலிட்டர், நாளுக்கு ஒன்பது கேன் என்று வடிகட்டும் வேலை முழுவதும் இந்தப் பத்துப் புள்ளியில் நடக்கிறது. தள்ளும் அழுத்தம் 45-க்கு இறங்கினாலும், எதிர்க்கும் அழுத்தம் 25-க்கு ஏறினாலும் விடை பூஜ்யம்தான்.

அழுத்தம் நீரைத் தள்ளுகிறது. எது போகலாம், எது போகக்கூடாது என்பதைச் சுருளின் சுவர் தீர்மானிக்கிறது. நுண்துளைகள் கொண்ட உட்படலம், நடுவே ஓர் அடித்தளச் சவ்வு, வெளியே விரல்களைக் கோத்ததுபோல் நிற்கும் போடோசைட் செல்கள் என்று இது மூன்று அடுக்கு. நீர், உப்பு, சர்க்கரை, யூரியா எல்லாம் எளிதில் கடந்துவிடும். இரத்த அணுக்களும் அல்புமினும் உள்ளேயே நின்றுவிடும். இந்தச் சுவர் நைந்துபோகும்போதுதான் சிறுநீரில் புரதம் ஒழுகத் தொடங்குகிறது.

தவளையிடம் கிடைத்த சாட்சி

இத்தாலிய அறிஞர் மார்செல்லோ மால்பிகி 1666-இல் சிறுநீரகத்தில் குட்டிக்குட்டி உருண்டைகளைக் கண்டு, மரத்தில் தொங்கும் ஆப்பிள்களுக்கு ஒப்பிட்டார். 1842-இல் லண்டனில் வில்லியம் பௌமான் அவற்றைச் சூழ்ந்த கிண்ணத்தை விளக்கினார். அதே காலத்தில் ஜெர்மனியின் கார்ல் லுட்விக், இரத்த அழுத்தமே நீரை வடிக்கிறது என்றார். புரதங்கள் நீரை எதிர்த்திசையில் இழுக்கும் கணக்கை 1896-இல் தந்தவர் ஆங்கிலேயரான எர்னஸ்ட் ஸ்டார்லிங்.

நேரடிச் சாட்சி கிடைத்தது 1924-இல். அமெரிக்காவில் வேர்ன், ரிச்சர்ட்ஸ் என்ற இருவர், உயிருள்ள தவளையின் குளோமருலஸ் கிண்ணத்துக்குள் மயிரிழை போன்ற கண்ணாடிக் குழலைச் செலுத்தி, அங்கே வடிந்த நீரை உறிஞ்சி எடுத்தார்கள். அதில் சர்க்கரை இருந்தது, புரதம் இல்லை. அதே தவளையின் சிறுநீர்ப்பையில் சர்க்கரை காணப்படவில்லை. முதலில் எல்லாவற்றையும் வடித்துவிட்டு, வேண்டியதைப் பிறகு உறிஞ்சிக்கொள்கிறது சிறுநீரகம் என்பது அப்போது உறுதியானது.

பிரஷர் ஏறி இறங்கினாலும் பத்து பத்தாகவே நிற்பது எப்படி?

மாடிப்படி ஏறினால் பி.பி. ஏறுகிறது. தூங்கும்போது இறங்குகிறது. ஒவ்வொரு முறையும் வடிகட்டும் அளவு கூடிக் குறைந்தால் உடல் தாங்காது. அதற்காகச் சிறுநீரகம் தனக்கென்று சில கட்டுப்பாடுகளை வைத்திருக்கிறது.

அழுத்தம் கூடினால் உட்செல் நுண்தமனி தானாகவே இறுகிக்கொள்ளும். நெஃப்ரானின் குழல் வளைந்து வந்து தன் சொந்தக் குளோமருலஸின் வாசலைத் தொடும் இடத்தில், கடந்து போகும் நீரிலுள்ள உப்பை அளக்கும் செல்கள் இருக்கின்றன. உப்பு அதிகம் வந்தால் 'வடிப்பது மிஞ்சிவிட்டது' என்று உட்செல் குழாயைச் சுருக்கச் சொல்லும். குறைந்தால் விரிக்கச் சொல்லும். இரத்த அழுத்தம் விழும்போது ரெனின் சுரந்து, அதன் வழியாக ஆஞ்சியோடென்சின் உருவாகி, வெளிச்செல் குழாயை இறுக்கிச் சுருளுக்குள் அழுத்தத்தைக் காக்கும். அதே நேரம் புராஸ்டகிளாண்டின் என்ற பொருள் உட்செல் குழாயைத் திறந்து வைக்கும்.

இந்த ஏற்பாட்டால், சராசரி இரத்த அழுத்தம் ஏறத்தாழ 80-லிருந்து 180 வரை எங்கே இருந்தாலும் வடிகட்டும் அளவு பெரிதாக மாறுவதில்லை. 120/80 உள்ளவரின் சராசரி சுமார் 93. ஆக, நமக்குக் கீழே இருக்கும் இடைவெளி அவ்வளவு பெரிதல்ல.

அழுத்தம் விழும்போது: மூன்று சிக்கல்கள் சேரும் நாள்

கத்திரி வெயிலில் வேலை பார்க்கும் ஐம்பத்தெட்டு வயதுக்காரர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கைந்து வருடமாக பி.பி.க்கு டெல்மிசார்டான் சாப்பிடுகிறார். முந்தின இரவிலிருந்து வயிற்றுப்போக்கு. உடம்பெல்லாம் வலி என்று மருந்துக் கடையில் கேட்டு டைக்ளோஃபினாக் வாங்கிப் போட்டுக்கொள்கிறார். வழக்கமான பி.பி. மாத்திரையையும் விடவில்லை.

நீர் குறைந்து இரத்த அழுத்தம் விழுகிறது. உட்செல் குழாயைத் திறந்து வைக்கவேண்டிய புராஸ்டகிளாண்டினை வலி மாத்திரை தடுத்துவிட்டது. வெளிச்செல் குழாயை இறுக்கவேண்டிய ஆஞ்சியோடென்சினை பி.பி. மாத்திரை தடுத்துவிட்டது. வரத்தும் குறைந்து, பிடிமானமும் போய், பத்துப் புள்ளி கரைந்துவிடுகிறது. இரண்டு நாளில் சிறுநீர் குறையும். இரத்தத்தைப் பரிசோதித்தால் கிரியேட்டினின் என்ற கழிவு மளமளவென்று ஏறியிருக்கும். "உப்பு ஏறிடுச்சு" என்று வீட்டில் கலங்கிப்போவார்கள்.

சீக்கிரம் கவனித்தால் இந்தப் பாதிப்பு பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் மீண்டும் மீண்டும் நடந்தால் தழும்பு விழும். மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டத் தொழிலாளர்களிடம் பரவலாகக் காணப்படும் சிறுநீரக நோய்க்குக் கடும் வெப்பமும் நீரிழப்பும் முக்கியக் காரணங்களாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். உப்பளம், செங்கல் சூளை, கட்டட வேலை என்று வெயிலில் நிற்கும் நம் மக்களுக்கும் இது பொருந்தும் எச்சரிக்கை. அவர்களுக்கு நிழலும், குடிநீரும், இடைவேளையும் கொடுப்பது சிறுநீரகத்தைக் காக்கும் வேலை.

வெளியேறும் வழி அடைபட்டால்

புராஸ்டேட் வீங்கிய முதியவருக்குச் சிறுநீர் சொட்டுச் சொட்டாக வரும். பை நிரம்பி, நீர் மேலேறி, பௌமானின் கிண்ணம்வரை எதிரழுத்தம் கூடும். இருபுறமும் கல் அடைத்தாலும் இதே கதைதான். இரத்த அழுத்தம் சரியாக இருந்தும் வடிகட்டுதல் நிற்கும். 'வயசானால் இப்படித்தான்' என்று தள்ளிப்போடாமல் காட்டிவிட வேண்டும். அடைப்பை நேரத்தோடு நீக்கினால் சிறுநீரகம் மீள வாய்ப்பு அதிகம்.

அழுத்தம் கூடும்போது: ஓசையில்லாத சேதம்

சர்க்கரை நோயில் நடப்பது வேறு. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் நெஃப்ரானின் குழல் சர்க்கரையோடு உப்பையும் அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். வாசலில் உப்பை அளக்கும் செல்களுக்கு உப்பு குறைவாக வந்து சேரும். 'வடிப்பது போதவில்லை' என்று அவை தவறாக எண்ணி உட்செல் குழாயை அகலத் திறந்துவிடும். சுருளுக்குள் அழுத்தம் எகிறும். இந்தக் கட்டத்தில் நோயாளிக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது. வடிகட்டும் அளவுகூட இயல்பைவிட அதிகமாகவே இருக்கும். உள்ளே சுவர் நைந்துகொண்டிருக்கும்.

பல வருட உயர் இரத்த அழுத்தமும் நுண்தமனிகளைக் கெட்டியாக்கி, நெஃப்ரான்களை ஒவ்வொன்றாக அணைக்கிறது. மிஞ்சியவை கூடுதல் அழுத்தத்தில் உழைக்கும். பத்துப் பேர் தூக்கிய சப்பரத்தை ஆறு பேர் தூக்கினால் தோள் என்னவாகும்? அவையும் சீக்கிரம் ஓய்ந்துவிடும். அமெரிக்க மருத்துவர் பேரி பிரென்னர் 1982-இல் முன்வைத்த விளக்கம் இது. ஓர் அளவைத் தாண்டிய சிறுநீரக நோய், மூலகாரணம் அடங்கிய பிறகும் ஏன் தொடர்கிறது என்பதற்கு இதில் விடை உண்டு.

மாத்திரை எங்கே வேலை செய்கிறது?

எனலாபிரில், ராமிபிரில், லோசார்டான், டெல்மிசார்டான் போன்றவை பி.பி.யைக் குறைப்பதோடு வெளிச்செல் குழாயின் இறுக்கத்தையும் தளர்த்துகின்றன. கட்டைவிரலைச் சற்று எடுத்ததுபோல் சுருளுக்குள் அழுத்தம் இறங்கும்; புரதம் ஒழுகுவது குறையும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற புதிய மருந்துகள், அகலத் திறந்த உட்செல் குழாயை மறுபடி சுருக்குகின்றன.

இவற்றைத் தொடங்கியதும் கிரியேட்டினின் சற்று ஏறுவதுண்டு. அழுத்தம் இறங்கியதன் அடையாளம் அது. முப்பது சதவீதத்துக்குள் இருந்தால் பொதுவாக மருந்தை நிறுத்துவதில்லை. அதனால்தான் சில வாரங்களில் இரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்கிறார்கள். எண் ஏறியதைப் பார்த்துப் பயந்து தானாக மாத்திரையை விட்டவர்கள், காக்கும் கையைத் தட்டிவிட்டவர்கள் ஆகிறார்கள்.

எப்படித் தெரிந்துகொள்வது?

சிறுநீரகம் வலித்துக் கூப்பிடாது. வடிகட்டும் திறன் பாதியளவு போன பிறகே கிரியேட்டினின் பலருக்கு இயல்பைத் தாண்டுகிறது. ஆகவே அந்த எண்ணை மட்டும் பார்த்து நிம்மதியடையக் கூடாது. அதிலிருந்து கணக்கிடும் வடிகட்டு வேகமான ஜி.எஃப்.ஆர். மூன்று மாதத்துக்கு மேல் 60-க்குக் கீழே இருந்தால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்று பொருள்.

அதைவிட முந்திச் சொல்வது சிறுநீர் அல்புமின் பரிசோதனை. கிரியேட்டினினோடு ஒப்பிட்ட அல்புமின் அளவு 30-ஐத் தாண்டினாலே சுவர் கசியத் தொடங்கிவிட்டது. தண்ணீர் ஊற்றிய பிறகும் அடங்காத நுரை, காலையில் கண்ணிமை வீக்கம், விரலால் அழுத்தினால் குழி விழும் கால் வீக்கம் எல்லாம் அதற்குப் பின்னால் வருபவை.

நம் கையில் உள்ளவை

• சர்க்கரை, பி.பி. உள்ளவர்கள் வருடத்துக்கு ஒருமுறையாவது சிறுநீர் அல்புமின், கிரியேட்டினின் இரண்டையும் பாருங்கள்.

• சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் பி.பி.யைப் பொதுவாக 130/80-க்குள் வைக்கச் சொல்வார்கள். உங்கள் இலக்கு என்னவென்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

• உப்பு ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குள் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு டீஸ்பூன் அளவு. ஊறுகாய், அப்பளம், கருவாடு, வடகம் எல்லாமே இந்தக் கணக்கில் சேர்த்திதான்.

• மூட்டுவலிக்கும் உடம்புவலிக்கும் கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்குவதை விட்டுவிடுங்கள்.

• வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே மருத்துவரை அழைத்து, 'இந்த மாத்திரைகளைச் சாப்பிடுகிறேன், இன்று போடலாமா?' என்று கேளுங்கள். சில மாத்திரைகளை ஓரிரு நாள் நிறுத்தச் சொல்லலாம். மறுபடி எப்போது தொடங்குவது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

• சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்கள் தண்ணீரின் அளவையும் மருத்துவரிடமே முடிவு செய்ய வேண்டும். 'நிறையக் குடி' என்ற அறிவுரை எல்லோருக்கும் பொருந்தாது.

அடுத்த முறை கையில் பட்டை கட்டி பிரஷர் பார்க்கும்போது, எண்ணைக் கேட்டுக்கொண்டு எழுந்துவிடாதீர்கள். 'யூரினில் அல்புமின் பார்த்து எத்தனை நாளாச்சு?' என்று நீங்களே கேளுங்கள். மேல்கையில் அளக்கும் அழுத்தம், கண்ணுக்குத் தெரியாத இருபது லட்சம் சுருள்களில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை அந்த ஒரு குப்பிச் சிறுநீர் சொல்லிவிடும்.