மேகத்தில் மலரும் பனிப்பூ

மார்கழித் திங்களில் அம்பர்நாத்தில் நாம் காண்பது புல்நுனிப் பனித்துளியே. வெண்பனியை நம் ஊர் அறியாது. ஆயினும், இமயத்தில் பனிப்பூ பிறக்கும் விதத்தை அறிந்தால், ஆடியில் நம் கூரைமீது கொட்டும் பெருமழையின் பிறப்பும் ஒருவாறு விளங்கும்.

குளிர்காலத்தில், மத்தியதரைக் கடற்புறத்திலிருந்து கிழக்கு நோக்கி வரும் புயற்சுழல்கள் காஷ்மீரத்திற்கு மேகங்களைக் கொணர்கின்றன. நீர் 0 டிகிரியில் உறையும் என்பது பள்ளிப் பாடம். ஆனால் மேகத்திலுள்ள தூய நுண்துளிகள், அதற்குக் கீழ் ஏறத்தாழ 38 டிகிரி வரை குளிர்ந்தும் உறையாது நிற்கவல்லவை. மண்தூசு போன்றதொரு பற்றுக்கோடு கிடைப்பின் முன்னரே உறைந்துவிடும்.

உறைந்த துகளுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. நீரைக் காட்டிலும் பனிக்கட்டி நீராவியை எளிதில் பற்றிக்கொள்ளும். ஆதலின் சுற்றியுள்ள துளிகள் ஆவியாகித் தேய, துகள் வளர்கிறது. நீர் மூலக்கூறுகள் பனிக்கட்டியில் அறுகோணமாக அடுக்கப்படுவதால், ஆறு கைகள் தோன்றுகின்றன. சுழியத்துக்குக் கீழ் 5 டிகிரியளவில் ஊசிகளும், 15 டிகிரியளவில் கிளைவிட்ட விண்மீன்களும் உருவாகும். ஜப்பானிய அறிஞர் நாகாயா 1936-இல் ஆய்வுக்கூடத்திலேயே பனிப்பூவை வளர்த்தார். வெப்பநிலையும் ஈரமுமே அதன் வடிவை முடிவு செய்கின்றன என்று தம் ஆய்வுகளால் காட்டினார். இத்தகைய பூக்கள் பல, விழும்போது ஒன்றோடொன்று சிக்கிப் பஞ்சுபோல் நிலத்தை அடைகின்றன.

நம் ஊர் வானிலும் இது நிகழ்கிறது. மழைக்காலத்தில் ஐந்தாறு கிலோமீட்டர் உயரத்துக்கு மேல் உறைகுளிரே நிலவுகிறது. ஓங்கியெழும் இடிமேகங்களில் வளரும் பனித்துகள்கள் இறங்குங்கால் உருகி, பெருந்துளிகளாக விழுகின்றன. சஹ்யாத்ரி மலைமேல் தவழும் தாழ்ந்த மேகங்களோ உறையாமலே பொழிவதும் உண்டு. மேகங்களின் இத்தன்மைகளை ஆராயவே, புனே வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையத்தார் 2012-இல் மகாபலேசுவரத்தில் ஓர் ஆய்வுக்கூடம் நிறுவினர்.

இவ்வாராய்ச்சி வெறும் அறிவுப்பசிக்கு அன்று. 2005 ஜூலை 26-இல் தொடங்கி, ஒரே நாளில் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதையும், உல்லாஸ் ஆறு கரைபுரண்டு பத்லாபூர், கல்யாண் பகுதிகளில் வெள்ளம் புகுந்ததையும் நம் குடும்பங்கள் மறக்கவில்லை. மேகத்துள் நிகழ்வதை நன்கு அறிந்தாலன்றி, அத்தகைய மழையின் அளவை முன்கூட்டி உரைத்தல் அரிது.

விடுமுறையில் மக்களுடன் இமயம் செல்லும் அன்பர்கள், கறுப்புக் கம்பளித் துணியில் ஒரு பனிப்பூவை ஏந்தி, உருப்பெருக்கியால் காட்டுவார்களாக. குழந்தைகள் அதன் கைகளைத் தாமே எண்ணி அறியட்டும்.